ரீட்லிங்கும் எங்கள் ஊர் ஆர்கனும்

மாமேதை அன்செல்ம் ரீட்லிங்குக்கும் ஆர்கன் வாத்தியத்துக்கும் இடையே இருந்த தெய்வீகக் காதலை உலகமே அறியும். அது பிறந்தது ஜெர்மனியின் சாக்சனி வட்டாரத்தில், எங்கள் ஊர்த் தேவாலயத்தில். அதைக் கடைசிவரை களங்கமின்றிக் காத்த பெருமையும் எங்களுடையதே. ஏழு சிம்பொனி எழுதியவர், ஆர்கனுக்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை. தொட்டால் அல்லவா களங்கம்!

காதலின் மொத்த வரலாறும் பதினோரு நிமிடம்தான். ஆர்கன் வாசிக்கும் வேலைக்கு மனுப்போடுபவர், தேவாலயக் கமிட்டி முன்னால் ஒரு ஞானப்பாட்டு வாசித்துக் காட்டவேண்டும். இருபத்திரண்டு வயது ரீட்லிங் வந்தார்.

"இந்த ஆர்கன் கிடைச்சாப் போதும். ஆயுசுக்கும் வேற எங்கயும் போகமாட்டேன்" என்றார். இந்த ஆர்வம் 'சந்தேகத்துக்குரியது' என்று செயலாளனாகிய நான் குறித்துக்கொண்டேன்.

பாட்டில் இரண்டே அடி வாசித்தார். பிறகு ஞானப்பாட்டை விட்டுவிட்டு, காகிதம் எதுவும் இல்லாமல் மனம்போன போக்கில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அன்று மார்ட்டின் திருநாள். அந்த நாளின் வழக்கப்படி மேயர் வீட்டில் கமிட்டிக்கு வாத்து விருந்து.

மேயர் என் காதில், "வாத்து ஆறிடும்யா. காத்த நிறுத்தச் சொல்லு" என்றார்.

ஆர்கனுக்குப் பின்னால் போனேன். அங்கே வேலையாள் ஓஸ்வின் துருத்தியை மிதித்துக்கொண்டிருந்தான். அவன் மிதித்தால்தான் குழாய்களில் காற்று ஏறும்.

"போதும், இறங்கு."

"நடுவுல எப்படிங்க? மனுசன் அழுதுகிட்டே வாசிக்கிறாரு."

"இறங்குடா!"

சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஆர்கன் ஒருமுறை முனகி அடங்கியது. ரீட்லிங் கொஞ்ச நேரம் சத்தமில்லாத கட்டைகளையே அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போனார். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வாத்து அதைச் சரிசெய்துவிட்டது. 'நேரக்கட்டுப்பாடு போதாது' என்று மனு தள்ளப்பட்டது.

இருபது ஆண்டு கழித்து, சென்ற மாதம் மாமேதை காலமானார். அன்றைய ஆறு பேரும் இறையருளால் இன்றும் கமிட்டியில் நீடிப்பதால், நினைவுக்கல் வைக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கல்லில் பொறித்த வாசகம்: 'இந்த ஆர்கனில் மாமேதை ரீட்லிங் உள்ளம் உருகி வாசித்தார்.' நேரில் பார்த்த சாட்சி என்பதால் ஓஸ்வினையும் கூப்பிட்டிருந்தோம்.

அவன் கல்லைப் படித்தான். "வாசிச்சாரு, சரி. முடிக்க விடலைங்கிறத எங்கங்க போடுவீங்க?"

"கல்லுல ஏதுப்பா இடம்? கீழே எங்க ஆறு பேரோட பேரும் வரணும்ல" என்றார் மேயர்.

"ஆறு பேரும் வருதா?"

"முழுப் பேரும்."

ஓஸ்வின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அப்ப சரிங்க. நிறுத்துனது யாருன்னு நாளைக்கு யாரும் தேடி அலைய வேண்டியதில்ல."