மூணாவது படம் என்ன சொல்லுது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆராய்ச்சிப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான் என்று நினைப்பவர்கள், எங்கள் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மூணாம்படத்தாரிடம் மாட்டியதில்லை என்று அர்த்தம். பல்கலைக்கழகம் நடத்தும் வாய்மொழித் தேர்வில் டீயும் பிஸ்கட்டும் உண்டு. இவர் நடத்துவதில் அது கிடையாது. நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும். பின்னால் ஆதார் நகல் எடுக்க வந்த பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் அங்கே படித்த நான்கு வருடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. நாற்பது வயதிருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி, காதில் பேனா, சட்டைப் பையில் அளவுகோல். அரிமளம் சாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கடை. நகல், ஸ்பைரல் பைண்டிங், பஸ் பாஸ் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஆனால் பேராசிரியர்கள் அவரைத் தேடி வந்தது ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்காக. அதற்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, ஆய்விதழ்கள் கேட்கும் அச்சு வடிவத்தில் சமன்பாடுகள் உடையாமல் கட்டுரையை உட்கார வைக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். இரண்டு, அடுத்த ஆள் திருச்சியில் இருந்தார். மூன்றாவது காரணம் ஏதோ இருந்தது. இரண்டாவதே போதுமானதாக இருந்ததால் மறந்துவிட்டேன்.

டைப் செய்யும் வேலையோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. கட்டுரையில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் அத்தனை பேரிடமும் ஒரு கேள்வி கேட்பார்.

"மூணாவது படம் என்ன சொல்லுது?"

சொல்லாதவர் பெயர் ஏறாது.

ஏன் மூன்றாவது படம் என்று ஒருமுறை கேட்டேன்.

"மொதப் படம் மேப்பு. அது எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது, மெஷினுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ. அதுவும் தெரியும். மூணாவதுலதான, தங்கச்சி, வேலையே ஆரம்பிக்குது."

இந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது என்பது பற்றிக் கல்லூரியில் பல வதந்திகள். ஏதோ ஒரு பேராசிரியர் அவருடைய ஆராய்ச்சியைத் திருடிவிட்டார் என்பது அதில் பிரபலமானது. அவரிடமே கேட்டபோது சிரித்துவிட்டார்.

"திருடுறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? மார்ஜின் எவ்வளவு விடணும்னு பாக்க ஒரு இதழோட விதிமுறைப் பக்கத்துக்குப் போனேன். மார்ஜினுக்குக் கீழேயே இது இருந்துச்சு. யோசிச்சவங்க, செஞ்சவங்க, எழுதுனவங்க, கடைசியா முழுசாப் படிச்சுப் பாத்துப் பொறுப்பேத்துக்கிறவங்க, இவங்க பேருதான் போடணுமாம். மத்தவங்களுக்கு நன்றி சொன்னாப் போதுமாம். மார்ஜின் தப்பா இருந்தா திருப்பி அனுப்புறான்ல? இதுவும் அதே பக்கத்துலதான போட்டிருக்கான்?"

அவ்வளவுதான். நேர்மை, அறம் என்ற சொற்களை அவர் ஒருநாளும் உச்சரித்ததில்லை. அவரைப் பொறுத்தவரை தகுதியில்லாத பெயர் என்பது, ஓரத்தை மீறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வரி. உள்ளே தள்ள வேண்டும், இல்லையென்றால் வெட்ட வேண்டும்.

இயந்திரவியல் துறையிலிருந்து ஒரு சார், ஆறு பக்கக் கட்டுரையில் ஒன்பது பெயர்களோடு வந்தார். மூணாம்படத்தார் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு சாலைக்கு எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

"அங்கிட்டு அச்சாபீஸ் இருக்கு சார். கல்யாணப் பத்திரிகை நல்லா அடிப்பாங்க. மேல பிள்ளையாரும் போட்டுக் குடுப்பாங்க."

இன்னொரு மாணவன், தன் கட்டுரையின் முன்னுரையைத் தானே எழுதியதாகச் சத்தியம் செய்தான். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் அதுவரை ஒளிந்திருந்த குறிகள் எல்லாம் எழுந்து நின்றன. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு குறி. வேறொரு கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால்தான் அப்படி வரும்.

"ஏந்தம்பி, வரிக்கு வரி என்டர் தட்டித் தட்டியா எழுதுன? கை வலிக்கல?"

அந்த மாணவன் பென் டிரைவைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

நேரில் வர முடியாதவர்கள் போனில் பதில் சொல்லலாம், ஆனால் ஸ்பீக்கரில். ஒருவர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தன் மச்சானின் பெயரை இரண்டாவதாகச் சேர்த்திருந்தார். மச்சானின் பதவி உயர்வுக்கு உதவுமாம். மூணாம்படத்தார் எண்ணை வாங்கி அழைத்தார். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம்.

"வணக்கங்க. உங்க பேப்பர் விஷயமாப் பேசுறேன். மூணாவது படம் என்ன சொல்லுது?"

"என்ன பேப்பருங்க? வீட்டுப் பத்திரமா? அதெல்லாம் எங்க ஆத்தா பீரோவுல இருக்கும், அங்க கேளுங்க."

இதையெல்லாம் நான் பெஞ்சில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். என் முறை வரும்போது மாட்ட மாட்டேன் என்று உறுதியாக நம்பினேன். நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். தயாரிப்பில் குறை வைப்பதில்லை.

என் ஆய்வு நிலத்தடி நீர் பற்றியது. அரிமளத்திலிருந்து திருமயம் போகும் வழியில் இருபது கிணறுகளில் நீர் எடுத்து, கண்மாய்களிலிருந்து தள்ளிப் போகப் போக உப்பு எப்படிக் கூடுகிறது என்று பார்த்திருந்தேன். கட்டுரையை ஒரு சிறப்பிதழுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறவிட்டால் என் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். புதன்கிழமை காலையிலேயே கடைக்குப் போய்விட்டேன். பெயர்கள் மூன்று. நான், என் வழிகாட்டிப் பேராசிரியை, துறைத்தலைவர். துறைத்தலைவர் பெயர் எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கும், துறையின் கதவில் இருப்பது போல. அவருக்கும் சேர்த்து மூன்றாவது படத்துக்கான பதிலை நானே அழகாக எழுதிக் கொண்டு போயிருந்தேன்.

மூணாம்படத்தார் படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அட்டவணை டைப் செய்ய நான் கொடுத்த ஆய்வக நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், நிறுத்தினார்.

"இது யாரு கையெழுத்து?"

"லேப் டெக்னீஷியன் அமுதா அக்காது அண்ணே."

"எது ஒன்னுது?"

காட்டினேன். அவர் எச்சில் தொட்டுப் பக்கங்களை எண்ணினார். என்னுடையது பதினொன்று. அக்காவுடையது முப்பத்தாறு.

"அளவு எடுத்தது மட்டும்னா நன்றியோட விட்டுரலாம்," என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இது என்ன?"

ஓரத்தில் அமுதா அக்கா பென்சிலால் எழுதி வைத்திருந்தார். 'மோட்டார் போட்டு பத்து நிமிஷம் தண்ணியை விட்டுட்டு அப்பறம் பிடிக்கணும். மொத தண்ணி குழாய்ல நின்னது. அதான் ரீடிங் தாவுது.'

"ஒன் கட்டுரையில 'முதல் நீரைத் தவிர்ப்பது அவசியம் எனக் கண்டறியப்பட்டது'ன்னு ஒரு முழுப் பகுதியே இருக்கு. கண்டறிஞ்சது யாரு?"

"அக்காதான். நன்றியில அவங்க பேரைப் போட்டிருக்கேன் அண்ணே."

"கிணத்துல தண்ணி எடுக்க விட்ட வீட்டுக்காரங்களுக்குச் சொல்லு நன்றி."

துறைத்தலைவர் பெயரை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று இரண்டு நாள் யோசித்த நான், வெயிலில் எனக்காகப் புட்டிகளைச் சுமந்தவர் பெயர் வெளியே நிற்பதைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. மூணாம்படத்தாரைப் பார்த்து நான் பயந்த நாள் அதுதான்.

மாலையில் அமுதா அக்காவை அழைத்து வந்தேன். டிப்ளமோ முடித்துவிட்டுப் பதினைந்து வருடமாக அந்த ஆய்வகத்தில் இருப்பவர். வழியெல்லாம் புலம்பல்.

"ஏம்மா, நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு? எம் பேரெல்லாம் எதுக்கு? ஹெச்ஓடி சார் பாத்தா என்னைய ஸ்டோர் ரூமுக்கு மாத்திருவாரு. அங்க எலி இருக்கு."

மூணாம்படத்தார் திரையை அவர் பக்கம் திருப்பினார். "வாங்கக்கா. மூணாவது படம் என்ன சொல்லுது?"

அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இந்தப் படம் பொய் சொல்லுது," என்றார்.

நான் திரையை எட்டிப் பார்த்தேன்.

"ஏழும் பதினொண்ணும் மாறிக் கெடக்கும்மா. பதினொண்ணு கண்மாய்க்கரைக் கிணறு. அந்தத் தண்ணியில டீ போட்டுக் குடிச்சோமே, மறந்துட்டியா? ஏழாம் நம்பர் தண்ணியில பருப்பே வேகாது. நீ என்னடான்னா கண்மாய்க்கரையில உப்பை ஏத்திவிட்டிருக்க."

நோட்டைப் புரட்டினோம். மாறித்தான் இருந்தது. மாற்றியது நான்தான். அந்தப் படத்தை என் வழிகாட்டி மேடமும் பார்த்திருந்தார். துறைத்தலைவரும் பார்த்ததாகச் சொல்லப்பட்டது. மூணாம்படத்தார் காதிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"பத்து வருஷமா இந்தக் கேள்விய கேக்குறேன். இன்னைக்குத்தான் பதில் வந்துருக்கு."

படத்தைத் திருத்திவிட்டு மேடத்திடம் அன்றே சொன்னேன். "இதை நான்ல கவனிச்சிருக்கணும். அமுதா பேரை ஒன் பேருக்கு அடுத்ததாப் போடு," என்றார். "ஆனா ஹெச்ஓடிகிட்ட நான் பேச மாட்டேன். அதையும் அந்தக் கடைக்கார மனுஷனே பாத்துக்கட்டும்."

பட்டியலில் தன் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டு, துறைத்தலைவர் வெள்ளிக்கிழமை மதியம் நேரில் வந்தார். காரை விட்டு இறங்கும்போதே குரல் வந்துவிட்டது.

"யாருய்யா நீ, எம் பேரை எடுக்குறதுக்கு?"

"நான் எடுக்கல சார். மார்ஜினுக்குள்ள வரல."

"என்னது?"

விதிமுறைப் பக்கம் லேமினேட் செய்யப்பட்டுத் தயாராக இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேள்வியைக் கேட்டார். துறைத்தலைவர் படத்தைப் பார்த்தார்.

"கோடு ஏறுது."

"ஏறுது சார். எதுக்கு ஏறுது?"

பஸ் பாஸுக்கு நின்ற இரண்டு பையன்கள், ஓய்வூதியத் தாள்களோடு ஒரு பெரியவர், நான், அமுதா அக்கா எல்லோரும் துறைத்தலைவரின் வாயையே பார்த்தோம். அவர் நெற்றியைத் துடைத்தார். அவரைக் காப்பாற்றியது அமுதா அக்காதான்.

"சார்தாங்க உப்பு பாக்குற மீட்டரை வாங்கிக் குடுத்தாங்க. ரெண்டு வருஷம் நிர்வாகத்துகிட்ட நடையா நடந்தாங்க."

"அப்படியா!" மூணாம்படத்தார் முகம் மலர்ந்தது. "அதுக்கு எடம் இருக்கு சார். நன்றியில மொத வரியே உங்களுதுதான். மீட்டர் பேரோட சேத்துப் போட்டுர்றேன்."

துறைத்தலைவர் யோசித்தார். கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும் வெறுங்கையோடு போக மனமில்லை.

"அதை போல்டுல போட முடியுமா?"

"டெம்ப்ளேட் விடாது சார்."

நான்கு மணிக்குக் கட்டுரையை அனுப்பினோம். ஆனால் அது முழுமையாகவில்லை. ஆத்தர், அதாவது எழுதியவர் என்று பெயர் உள்ள எல்லோரும் தங்களுக்கு வரும் மின்னஞ்சலைத் திறந்து, கட்டுரையைப் படித்தேன், பொறுப்பேற்கிறேன் என்று ஆறு மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். நானும் மேடமும் உடனே செய்துவிட்டோம். அமுதா அக்காவின் மின்னஞ்சல் அவருடைய மகளின் போனில் இருந்தது. மகள் டியூஷனில் இருந்தாள். போனைப் பிடித்து அக்கா கடைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து மணி.

"இந்தப் பச்சையை அமுக்கணுமாம்மா?"

"ஆமாக்கா, அமுக்குங்க," என்றேன்.

"அமுக்காதீங்க," என்றார் மூணாம்படத்தார். "படிச்சேன்னு போட்டிருக்கு. படிச்சீங்களா?"

"என் அளவெல்லாம் எனக்குத் தெரியுங்களே."

"அது போதாதுக்கா. முழுசாப் படிச்சுட்டு அமுக்குங்க."

"அண்ணே, பன்னெண்டு பக்கம்! இங்கிலீஷ்! ஆறு மணிக்கு மூடிருவாங்க!" நான் வாழ்க்கையில் குரலை உயர்த்திய தருணங்களைப் பட்டியல் போட்டால் அது ஒன்றுதான் இருக்கும்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு பக்கங்களையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தார். கடைக்குள் இருந்த ஒரே நாற்காலியான தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா விரலை வைத்து வரி வரியாக, உதடு அசைய, படிக்கத் தொடங்கினார். புரியாத சொல்லுக்கு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். ஐந்தரைக்கு ஏழாவது பக்கம்.

அப்போது மூணாம்படத்தார் ஒரு காரியம் செய்தார். மின்தடை வந்தால் தவிர அந்தக் கடையில் நிற்காத ஜெராக்ஸ் மெஷினை அணைத்தார். வெளியே வரிசை சலசலத்தது.

"என்னண்ணே, பஸ் வந்துரும். ஒரு ஆதார்தான!"

"சத்தம் போடாதீங்க," என்றார் அவர், கோயில் கருவறைக்கு முன்னால் பேசுகிற குரலில். "ஆத்தர் படிச்சுக்கிட்டிருக்காங்க."

வரிசை அடங்கியது. பஸ் வந்தது, நின்றது, போனது. அதில் ஏற வேண்டியவர்கள்கூட ஏறவில்லை. ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தபோது அக்கா கடைசிப் பக்கத்தை மூடி, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பச்சையை அமுக்கினார். அதுவரை மூணாம்படத்தார் மெஷின் மூடிமேல் ஒரு கையை வைத்தபடியே நின்றிருந்தார், தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று நிற்பவரைப் போல.