பொய் சொன்னால் டக் டக்

செங்கம்மாளின் கோழி நான்கு நாளாக முட்டையிடவில்லை. அதற்குக் காரணம் ஜானகிராமன்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"உள்ள ஒரு மிஷின வச்சுகினு கீறியே சார், அது வந்த நாள்லேர்ந்து என் கோழி சும்மா குந்திகினே கீது. இன்னா பதில் சொல்ற?"

ஜானகிராமன் என்ன சொல்வார்? கேளம்பாக்கத்தில் ஓர் உப்புக் கம்பெனியின் கிளை ஆபீசுக்கு அவர் சூப்பிரண்டு. எதிரே செங்கம்மாளின் டீக்கடை. 1978-இல் மெட்ராஸ் தலைமை ஆபீஸ் திடீரென்று கிளைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று தீர்மானித்தது. போன வாரம் லாரியில் இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். பின்பக்க அறைச் சுவரில் ஏ.சி. மிஷினைப் பொருத்தினார்கள். அதன் பக்கத்தில் இடுப்புயரச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்றை வைத்து வயரை மாட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குள் ஒரு முள் ஆடியது.

"இன்ஜினியர் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி, ஒரு சர்க்குலரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் வெளியாள் வரக் கூடாது. உள்ளே இருப்பதைப் பற்றி வெளியே பேசக் கூடாது. எது நேர்ந்தாலும் சூப்பிரண்டே பொறுப்பு.

கடைசி வரியைப் படித்ததிலிருந்து ஜானகிராமனுக்குச் சோறு இறங்கவில்லை. ரிட்டயராக இன்னும் பதினோரு மாதம்தான்.

அவர் செங்கம்மாளிடம், "அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றார்.

"சொல்லக் கூடாதா? அப்ப என்னமோ கீது!"

அன்று மாலை ஆபீசுக்கு டீ வரவில்லை. அதற்குப் பதிலாக ஜன்னலில் எட்டிப் பார்க்க இருபது பேர் வந்தார்கள். சர்க்குலரை நினைத்து நடுங்கிய ஜானகிராமன், மண்டையோடு போட்ட 'அபாயம்' பலகை ஒன்றை எழுதச் சொல்லி வாங்கி வாசலில் மாட்டினார்.

மறுநாள் தெருவே வெறிச்சோடியது. உப்பளத்துப் பெண்கள் அரை மைல் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு கிளார்க்குகளுக்கு ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்தது. வாட்ச்மேன் மோசஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு புளிய மரத்தடிக்குப் போய்விட்டார்.

"மோசஸ், நீ காவல் காக்க வேண்டியது ரூமை!"

"இங்கேர்ந்தே நல்லா தெரியுது சார்."

ஜானகிராமன் பலகையைக் கழற்றினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

பக்கத்து மளிகைக் கடை நூர்முகமது பாய் பத்துப் பேரோடு வந்து நின்றார். "நேத்து அபாயம்னு போட்டே. இன்னிக்கு எடுத்துட்டே. அபாயம் எங்க போச்சு சார்? ஊர் ஜனங்க வூட்டு விஷயமெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள போவுதாமே, மெய்யா?"

"பாய், அது வெறும் மிஷின்."

"அப்ப காட்டு!"

காட்டினால் வேலை போகும். காட்டாவிட்டால் ஜன்னல் போகும் போலிருந்தது. ஜானகிராமன் பூட்டைத் திறந்தார். எல்லோரையும் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டு, தாமே உள்ளே போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"பாருங்க! எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலே!"

கூட்டம் மூச்சுவிட்டது. நூர்முகமதின் மனைவி ஷஹர்பானு மட்டும் முன்னால் வந்தாள். "எல்லாம் தெரியும்ன்றாங்களே, கேட்டுத்தான் பாப்போம். எங்க வூட்டுக்காரரு வெள்ளிக்கிழமை மகாபலிபுரத்துக்குச் சரக்கு எடுக்கத்தானே போனாரு?"

டக். டக்.

பெட்டியின் முள் துள்ளி விழுந்தது.

"ரெண்டு தபா அடிச்சா பொய்யின்னு அர்த்தமா?" என்றாள் ஷஹர்பானு.

ஜானகிராமன் வாயைத் திறப்பதற்குள் நூர்முகமதின் முகம் வெளுத்துவிட்டது. "ஷூட்டிங் பாக்கப் போனேன்மா! கோயிலாண்ட சினிமாக்காரங்க வந்திருந்தாங்க. சத்தியமா அவ்ளோதான்!"

அந்த நிமிடத்திலிருந்து கேளம்பாக்கத்தில் யாருக்கும் பயமில்லை. பயந்திருந்தாலே தேவலை என்று ஜானகிராமன் நினைக்கும்படி ஆயிற்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. படூரிலிருந்து ஒருவர் தொலைந்த மாட்டைக் கேட்க வந்தார். ஒரு மாமியார் மருமகளைக் கையோடு இழுத்து வந்தாள். வரிசையை ஒழுங்குபடுத்தியவர் மோசஸ். செங்கம்மாள் வரிசைக்கே டீ விற்றாள்.

"கோழி?" என்றார் ஜானகிராமன்.

"அது கெடக்குது வுடு சார்."

கூட்டத்தை விரட்ட அவர் எவ்வளவோ சொன்னார். "இது ஜோசியம் இல்லே, இது வெறும் கணக்கு மிஷின்!"

டக். டக்.

"பொய் சொல்லாத சார்!" என்று வரிசை ஒரே குரலில் கத்தியது.

ஜானகிராமனே ஆட்டம் கண்டுவிட்டார். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியைத் தம் மேல்துண்டால் துடைத்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, மெல்லிய குரலில், "எனக்கு பிரமோஷன் உண்டா?" என்று கேட்டார்.

டக்.

ஒரே ஒரு டக்! அவருக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு மெட்ராஸ் மூளை இதற்குள் இருக்க வேண்டும்! இப்பேர்ப்பட்ட பொருளை ஒற்றைப் பூட்டிலா வைப்பது? இரண்டாவது பூட்டு வாங்கி வரச் சொன்னார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். தபால் ஆபீசுக்குத் தாமே நடந்து போய்த் தலைமை ஆபீசுக்குத் தந்தி கொடுத்தார்: 'கம்ப்யூட்டர் அபாரமாக வேலை செய்கிறது. பாதுகாப்பு முழுத் திருப்தி. ஜானகிராமன்.'

திரும்பி வந்தபோது வரிசை புளிய மரத்தைத் தாண்டியிருந்தது. அதன் வால் பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. போன வாரம் வந்த அதே லாரி. டிரைவர் வரதன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"இன்னா சார் இம்மாம் கூட்டம்? கொஞ்சம் வழி வுடச் சொல்லு. ஏ.சி.யாண்ட கீற ஸ்டெபிலைசர ஒரு ஓரமா நவுத்திட்டீன்னா, கம்ப்யூட்டர எறக்கிட்டுப் போயிகினே இருப்பேன்!"