நாற்றமில்லாத வீடு

பினாயில் பாட்டில் காலியாகியும் அந்த வாடை போனதாகப் பிரான்சிக்குத் தெரியவில்லை.

அவள் தங்கை ஆஷ்லி கல்யாணமாகித் தில்லை நகர் போனவள், அதன் பிறகு பிறந்த வீட்டுப் படியேறவில்லை. காரணம் பிரான்சிக்குத் தெரியும். திருச்சியின் குப்பையெல்லாம் இந்தத் தெருவுக்குப் பின்னால்தான் மலையாகக் குவிந்து கிடந்தது; அவ்வப்போது தீப்பிடித்துப் புகையும். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை. சர்ச் திருவிழாவில் சந்தித்தால் அக்காவும் தங்கையும் நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள். 'வீட்டுக்கு வா' என்று மட்டும் பிரான்சியின் வாயில் வராது.

குப்பை மலையைக் கரைக்க இயந்திரங்கள் வந்தபோது, பிரான்சிதான் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் அதிகாரிகள் முன்னால் நின்றாள்.

"இத்தனை வருஷம் நாத்தத்தைத் தாங்கினது நாங்க. வேலைக்கு மட்டும் வெளியூர் ஆளா?"

வேலை கிடைத்தது. சல்லடை இயந்திரத்தின் முன்னால் நின்று குப்பையைப் பிரித்தாள். சலித்த மண்ணோடு ஒவ்வொரு லாரி வெளியேறும்போதும், ஆஷ்லி ஒரு தெரு நெருங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள்.

மலை இருந்த இடத்தில் இப்போது வேப்பங்கன்றுகள். போன வாரம்தான் துணிந்து போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரியாடி?"

ஆஷ்லி, "வரேன்க்கா" என்றாள்.

இன்று ஞாயிறு. எழுந்ததும் மூக்கில் பழைய குப்பை வாடை. பினாயில் ஊற்றியதில் வீடு ஆஸ்பத்திரியாக மணத்தது. அதைப் போக்கச் சாம்பிராணி போட்டாள். பதற்றத்தில் ஒரு கை கூடுதலாக விழுந்துவிட்டது. ஜன்னல் வழியே புகை கிளம்ப, பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"மறுபடியும் குப்பை பத்திக்கிச்சாக்கா?"

கேட்டுக்கொண்டே ஊற்றியும் விட்டாள். கூடம் முழுக்கக் கரித்தண்ணீர்.

"குப்பை நாத்தம் வருதா பாருடி."

"சத்தியமா வரலக்கா. உங்க மூக்குக்குள்ளதான் அது குடியிருக்கு."

ஆனாலும் மனசு கேட்காமல் ஷரபுன்னிசா அத்தர் எடுத்து வந்தாள். "ரெண்டு சொட்டு போதும்."

பிரான்சி வாங்கிய வேகத்தில் பாட்டில் மொத்தமாகக் கவிழ்ந்தது. பதறிப்போய்க் கையில் அகப்பட்ட துணியால் துடைத்தாள். அது அவள் உடுத்த எடுத்து வைத்திருந்த புதுப்புடவை. அதற்குள் அடுப்பில் கறிக்குழம்பு அடிப்பிடித்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பிரான்சி ஓடிப்போய் நிலைப்படியை மறித்தாள். "உள்ள வராதடி! அங்கேயே நில்லு!"

ஆஷ்லியின் முகம் செத்துவிட்டது. "இப்பவும் வேணாமாக்கா?"

"ஐயோ, அதில்லடி. வீடெல்லாம் நாத்தம். உனக்கு ஆகாது..."

ஆஷ்லியின் மகள் யாழினி அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மாவுக்குத்தான் கொரோனா வந்ததுலேர்ந்து எந்த வாசனையும் தெரியாதே, பெரியம்மா. நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தாங்க."