அல்புமின் காக்காவும் பரமேஸ் அக்காவின் செம்மறிகளும்

ஓட்டமாவடிப் பக்கத்தில் மனிதர்களை முகம் பார்த்துப் பேசாத ஒரே மனிதர் அல்புமின் காக்காதான். அவர் பார்ப்பது கீழிமையின் உட்புறத்தை. எங்கள் மிருக வைத்திய அலுவலகத்தில் அவர் ஆய்வுகூட உதவியாளர், நான் கிளார்க். வயதில் மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவி வாழ்த்திவிட்டு, இமையை இழுத்துப் பார்த்து, "தம்பிக்கு ரத்தம் காணாது" என்று சபையில் அறிவித்தவர். பெண் வீட்டார் இன்றுவரை அவரோடு பேச்சில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய நேரம், தடுப்பூசி போடப் பனிச்சங்கேணிக்குப் போனோம். பரமேஸ் அக்கா தன் செம்மறிகளைப் பெருமையோடு காட்டினார்.

"தாடையப் பாருங்க, கொழுத்துத் தொங்குது!"

வாங்க வந்திருந்த வியாபாரியும் தலையாட்டினார். காக்கா ஒரு கிடாயின் தாடையை விரலால் அமுக்கினார். குழி விழுந்தது, விழுந்தபடியே இருந்தது.

"தங்கச்சி, இது கொழுப்பில்ல. தண்ணி."

"தாடைக்குள்ள தண்ணி எப்பிடிப் போகும்?"

"ஈரலப் புழு துளைக்குது. ரத்தத்துல தண்ணியப் புடிச்சு வைக்கிறது அல்புமின். அத ஆக்குறது ஈரல். ஈரல் பழுதானா அல்புமின் குறையும், தண்ணி கசிஞ்சு தாடையில இறங்கும்."

வியாபாரி மோட்டார் சைக்கிளை உதைத்த சத்தம்தான் அடுத்துக் கேட்டது. பரமேஸ் அக்கா விளக்குமாற்றை எடுத்தார். காக்கா ஓடினார். ஓடுகிற ஓட்டத்திலேயே ஆடுகளிடம் ரத்தமும் எடுத்துவிட்டார்.

முடிவு வந்தது. அல்புமின் பாதாளத்தில், ஈரலிலிருந்து ரத்தத்துக்குள் கசிந்த நொதியங்கள் ஆகாயத்தில். தான் சொன்னது சரியாகிவிட்ட குஷியில், பிள்ளை பரீட்சை பாஸான செய்திபோல அதைப் போனில் வாசித்தார்.

"ஆடு சாகப் போகுதெண்டு இவ்வளவு சந்தோசமாச் சொல்றீங்களே, நீங்க மனிசனா?" என்றார் பரமேஸ் அக்கா.

காக்கா போனை வைத்தார். அன்று யாருடைய இமையையும் அவர் இழுக்கவில்லை. மறுநாளே மருந்தோடு பஸ் ஏறினார். புழுவைப் பரப்பும் நத்தைகள் கிடக்கும் குளக்கரைக்கு ஆடுகள் போகாதபடி தானே வேலியும் அடைத்தார். அந்தப் பெருநாளுக்குப் பரமேஸ் அக்கா ஓர் ஆட்டையும் விற்கவில்லை, ஆனால் தாடைகள் வற்றின. ஒரு வயதான பெண்ணாடு மட்டும் தேறவில்லை.

ஒருநாள் காக்கா மத்தியானம்தான் அலுவலகம் வந்தார். முழங்கால்வரை சேறு.

"பஸ் பழுதாப் போச்சு" என்றார்.

அதற்குச் சற்றுமுன்தான் பரமேஸ் அக்கா எனக்குப் போன் எடுத்திருந்தார்.

"விடிஞ்சதிலயிருந்து அந்த ஆட்டுத் தலைய மடியில வெச்சிக்கொண்டு சேத்துக்குள்ள இருந்தாரு. சீவன் போகும்வரைக்கும் எழும்பல்ல."

எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை. பால் விடாத பிளேன்ரீயில் சீனி கூடப் போட்டு அவர் மேசையில் வைத்தேன்.