தம்கட்டி அண்ணன் போட்ட ஓட்டை

காசையும் வாங்கிக்கொண்டு, மூச்சும் விடக் கூடாது என்று மிரட்டுகிற ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் செஞ்சி தம்கட்டி அண்ணன்தான்.

தொழில், முத்துக்கு ஓட்டை போடுவது. முத்தை இடுக்கியில் கவ்வவைத்து இந்தப் பக்கம் பாதி குடைவார். திருப்பிவைத்து அந்தப் பக்கம் மீதி. ஒரேயடியாகக் குடைந்தால் மறுபக்கம் வாய் பிளந்துவிடுமாம். மோட்டாரை அழுத்தும்முன் இரண்டு கன்னத்தையும் உப்பித் தம் கட்டுவார். எதிரே நிற்பவரும் கட்டியாக வேண்டும்.

"நீ உடுற மூச்சுல என் முத்து ஆடுதுடா!"

சித்திரை வெயிலிலும் கடையில் ஃபேன் ஓடாது. தும்மல் வருகிறவர்கள் தெருமுனையிலேயே தும்மிவிட்டு வர வேண்டும். ஒருமுறை கோட்டை பார்க்க வந்த குடும்பம் ராஜகிரிக்கு வழி கேட்டது. கன்னம் உப்பியிருந்த அண்ணன், தொல்லை பண்ணாதே என்று கையை வீசினார். அவர்கள் அந்தத் திசையிலேயே போய்த் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

இத்தனை அழிச்சாட்டியத்தையும் ஊர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. "என் கையில ஒரு முத்து ஒடஞ்சிருக்குதா? எவனாச்சும் சொல்லட்டும்!" என்று டீக்கடைக்குக் கேட்கும்படி கத்துவார். எவனாலும் சொல்ல முடியாது.

என் தங்கை கல்யாணத்துக்கு முந்தைய நாள், மாப்பிள்ளையின் அம்மா தொண்டூரிலிருந்து இரண்டு முத்தோடு வந்து இறங்கினார். தாலி கட்டும்போது மருமகள் காதில் அவை தொங்க வேண்டுமாம். நிச்சயதார்த்தத்தில் காபிக்குச் சர்க்கரை குறைந்ததற்கே எழுந்து போகப் பார்த்த அம்மாள் அவர். "நானே பக்கத்துல நின்னு பாக்கறேன்" என்று என்னோடு கடைக்கே வந்துவிட்டார்.

முதல் முத்து நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது முத்து பாதியில் இருக்கும்போது சம்பந்தியம்மாளின் மூக்கு சுருங்கியது. நான் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. தும்மல்தான் வந்தது. மேஜையே அதிர்ந்தது. அண்ணன் கை துள்ளி, முத்தின் ஓரத்தில் சில்லு பெயர்ந்துவிட்டது.

அந்த அம்மாள் முகம் செத்துப்போனது. இந்த அவமானத்தை அவர் தன் தலையில் வைத்துக்கொள்ளப் போகிறாரா என்ன? சகுனம் சரியில்லை என்று என் தங்கை தலையில்தான் கட்டுவார்.

அண்ணன் கன்னத்தைக் காலி செய்தார்.

"மன்னிச்சுக்கம்மா. தும்மல அடக்க முடியல."

"யாரு தும்முனது?" என்றார் சம்பந்தியம்மாள், குரலே எழும்பாமல்.

"நான்தாம்மா. எனக்கு இந்தத் தூசி ஒத்துக்காது."

அம்மாள் ஒரு நொடி விழித்தார். அப்புறம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வேல செய்யறப்ப தும்முவியா? உன்னப்போயி பெரிய கைகாரன்னு சொன்னாங்களே!" தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. சில்லு மறையும்படி இரண்டு முத்துக்கும் தங்கத்தில் சின்னத் தொப்பி போட்டு, ஜோடி சேர்த்து, கையில் கொடுத்தார் அண்ணன்.

அம்மாள் ஆட்டோ ஏறியதும் கேட்டேன். "இன்னாண்ணே, நீயே உன் பேர கெடுத்துக்கினியே?"

"போடா. எங்கிட்டன்னா அந்தம்மா கோவம் இந்தத் தெருவோட போயிடும். உன் தங்கச்சி மேல உழுந்தா காலத்துக்கும் நிக்கும். நானா அவங்க வூட்டுல போயி வாழப்போறேன்?"

மறுநாள் பந்தியில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்கு அந்தக் குறை தெரியவில்லை.