டெக் கட்ட அனுமதி கேட்டவன்

அனுமதி கேட்பது சிலருக்கு மரியாதை, சிலருக்குப் பயம். எனக்கு அது வியாதி. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக விரலைக் காட்டி, டீச்சர் சரியென்று தலையை ஆட்டிய பிறகும், வாயால் சொல்லட்டும் என்று நின்றுகொண்டே இருந்த பையன் நான். (அதற்குப் பிறகு நடந்ததை என் மனைவி இருக்கும் இடத்தில் சொல்வதில்லை.)

வளர்ந்து ஆளாகி, ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குச் சேர்ந்ததும் வியாதி முற்றிவிட்டது. அங்கே ஒரு நட்டை மாற்ற வேண்டும் என்றாலும் மேலே இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்டவன் தன் வீட்டு வாசலில் ஒரு டெக் போட நினைத்தால் என்ன ஆகும்? தெருவுக்கே நோட்டீஸ் வரும். வந்தது.

டெக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுத் தரையின் மட்டத்துக்கு வாசலில் மரப்பலகையால் ஒரு மேடை, ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். அது அம்மாவுக்காக.

மராத்தி பேசும் ஊரான நிக்டியில் இருக்கும் எங்கள் வீட்டை அப்பா கட்டினார். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக வந்தவர், மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று தரையை நன்றாகவே தூக்கிவிட்டார். அதனால் வாசலில் செங்குத்தாகப் படிகள். அப்பா காலமான சில வருஷத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். படி மட்டும் இறங்க முடியவில்லை. சாய்தளம் போட இடம் போதாது.

அதற்கு முன்னால் தினமும் சாயங்காலம் அம்மாவுக்குத் தெருவில் ஒரு சபை உண்டு. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நாலைந்து பெண்கள் கூடுவார்கள். எதிர்வீட்டு ஷிண்டே காக்குதான் தலைவி. (காக்கு என்றால் மராத்தியில் சித்தி. பக்கத்து வீட்டு அம்மாக்கள் எல்லோருமே காக்குதான்.) அம்மாவுக்கு மராத்தி அரைகுறை, ஹிந்தி முக்கால்குறை. ஆனாலும் அந்தச் சபையில் அதிகம் பேசியது அவள்தான்.

அம்மா விழுந்த பிறகு அவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். டீ குடித்தார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், எழுந்து போனார்கள்.

"உள்ள வந்தா விருந்தாளி கணக்கால்லா உக்காந்திருக்காளுவ," என்றாள் அம்மா. "வாசல்லன்னாத்தான் வாய் திறக்கும்."

சாயங்காலமானால் வாக்கரை ஜன்னலோரம் நிறுத்திக்கொண்டு வெளியே கேட்கும் சிரிப்பைக் கேட்டபடி நிற்பாள். ஒருநாள், "எய்யா, என்னத்துக்குச் சிரிக்காளுவன்னு கேட்டுட்டு வாயேன்," என்றாள். நான் போய்க் கேட்டேன். அவர்கள் சொன்னார்கள். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்த அந்த நிமிஷத்தில்தான் டெக் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

வாசல் படிக்கு வலப்பக்கம் அப்பா கட்டிய ஸ்டோர் ரூம். ஹாலிலிருந்தே அதற்குள் போகக் கதவு உண்டு. உடைந்த ஏர்கூலர், ஓட்டை பக்கெட், ஒரு நாள் உதவும் என்று வைத்த எல்லாமே அங்கேதான். இடப்பக்கம் செம்பருத்திச் செடி நின்ற இடம் காலி. ஹால் ஜன்னலைக் கதவாக்கி, அங்கே டெக் போடுவது என் திட்டம்.

என் மனைவி பவானி தமிழ்க் குடும்பம்தான், ஆனால் நிக்டிக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் போபோடியில் பிறந்து வளர்ந்தவள். "அரே, கார்பெண்டரைக் கூப்பிடு. சண்டே ஒரே நாள்ல அடிச்சு முடிச்சுடுவான்," என்றாள். "இதுக்கெல்லாம் கௌன் பர்மிஷன் கேக்கறாங்க? எங்க சைட்ல ரூமைக் கட்டிட்டு அப்புறம்தான் யோசிப்பாங்க."

நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தேன். (இப்போது அந்தப் பார்வையை அவள் எனக்கு வட்டியோடு திருப்பித் தருகிறாள்.)

வார்டு ஆபீஸில் ஒரு ஜூனியர் எஞ்சினீயர் இருந்தார். பொறுமைசாலி. அவர் மராத்தியில் கேட்டதைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"டெக்குன்னா, பால்கனியா?"

"இல்ல ஸாஹேப்."

"கூரை உண்டா?"

"இல்ல."

"சுவர்?"

"இல்ல."

"பின்ன என்னதான் இருக்கு?"

"தரை."

அவர் பேனாவை மூடினார். "தரைக்கு எதுக்குங்க பர்மிஷன்? போய் வேலையைப் பாருங்க, காகா." (காகா என்றால் சித்தப்பா. எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.)

புத்தியுள்ளவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருப்பான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அதை எழுத்துல கொடுத்துடுங்க."

"எதை?"

"பர்மிஷன் தேவையில்லைங்கறதை."

"தேவையே இல்லாததை எப்படிங்க எழுத்துல கொடுக்கறது?"

நியாயமான கேள்வி. ஆனாலும் விடவில்லை. மறுபடி போனேன், மறுபடியும் போனேன். கடைசியில் என் தலையைக் கண்டாலே அவர் டீ குடிக்க எழுந்து போகும் நிலை வந்தது. ஒருநாள் டீக்கடையிலேயே பிடித்துவிட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எழுத்துல வேணும்னா ஃபைல் போடணும். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தோட மனு கொடுக்கணும். அப்புறம் நான் உங்க வீட்டுக்கு வந்து பார்க்கணும். வந்தா எல்லாத்தையும் பார்ப்பேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வேணுமா?"

அந்த மனிதரின் கண்ணில் எவ்வளவு கருணை இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி, "வேணும்," என்றேன்.

அவர் வந்த நாளில் நான் லீவு போட்டேன். அம்மா சொல்லச் சொல்ல பவானி மெதுவடை சுட்டாள். அம்மாவுக்கு டெக் வரப்போகிறது என்று தெருவுக்கே சந்தோஷம். ஷிண்டே காக்கு அதிகாரிக்கென்று ஒரு தட்டு நிறைய போஹே, அதாவது அவல் உப்புமா, கொண்டுவந்து வாசலில் நின்றார். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். அம்மா ஜன்னலில். நான் மாப்பிள்ளை முறுக்கோடு நடுவில்.

எஞ்சினீயர் இடப்பக்கம் அளந்தார். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு கையிலிருந்த பழைய வீட்டுப் பிளானை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

"இந்த ரூம் பிளான்ல இல்லையே," என்றார். சட்டென்று குரலைத் தாழ்த்தி, "தகரம், பிளைவுட்னு சும்மா தற்காலிகமா வெச்சதா?" என்றார். எனக்காக அவர் திறந்துவிட்ட கதவு அது.

அப்பாவின் கட்டடத்தைத் தகரம் என்றதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முஷ்டியால் சுவரைக் குத்திக் காட்டினேன். "தற்காலிகமா? ஒன்பது இஞ்ச் சுவர், ஸாஹேப்! உள்ளே கம்பி போட்டிருக்கு! இன்னும் நூறு வருஷம் நிக்கும்!"

பின்னாலிருந்து பவானி இடுப்பில் கிள்ளினாள். பெருமையில் கிள்ளுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினீயர் பெருமூச்சு விட்டார். "அப்ப எழுதித்தான் ஆகணும். ரூமை எடுக்கணும்னு நோட்டீஸ் வரும்."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த நியாயவான் விழித்துக்கொண்டான். "அதெப்படி, எங்க வீட்டை மட்டும்? எதிர்ல பாருங்க, காக்கு வீட்டு ஷெட் எந்தப் பிளான்ல இருக்கு? அடுத்த வீட்ல பால்கனியை அடைச்சு ரூமாக்கியிருக்காங்க. மூலை வீட்ல காரை நிறுத்தற இடத்துல சமையல்கட்டே இருக்கு!" தரக்கட்டுப்பாட்டுக்காரன் கண்ணுக்கு ஒரு குறையும் தப்பாது. என் ஆள்காட்டி விரல் வீடு வீடாகச் சுற்றி வந்து, கடைசியில் தட்டோடு நின்ற ஷிண்டே காக்குவிடம் வந்து நின்றது.

காக்கு என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். போஹேயைத் திரும்ப எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார். மேலே தூவியிருந்த தேங்காய்த்துருவல்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இத்தனை பேர் முன்னால விரலை நீட்டிச் சொல்லிட்டீங்க," என்றார் எஞ்சினீயர். "இனிமே பார்க்கலைன்னு நான் எப்படிச் சொல்றது?"

நான் காட்டிய வீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் வந்தது. ஸ்டோர் ரூமை எடுக்கும்வரை டெக் பற்றிப் பேச்சே இல்லை என்று எனக்குத் தனியாக ஒன்று. கடைசியில் எழுத்தில் கிடைத்தது அதுதான்.

தெருவில் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரை எடுக்கப் போனால் கதவுகள் சாத்திக்கொண்டன. அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் சாயங்காலச் சபை எங்கள் சுவரை விட்டுத் தெருக்கோடிக்கு இடம் மாறிவிட்டது. சத்தம்கூட வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்றாள். பிறகு, "எய்யா, ஜன்னலைச் சாத்திரு. கொசு வருது," என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. அம்மாவை நாலு பேரோடு சேர்த்து உட்காரவைக்கப் போய், இருந்த நாலு பேரையும் நானே விரட்டிவிட்டேன்.

செய்ய என்னால் முடிந்தது ஒன்றுதான்: தெருவில் முதலில் இடிபடுவது எங்கள் வீடாக இருக்கட்டும். சனிக்கிழமை இரண்டு ஆட்கள் சுத்தியலோடு வந்தார்கள். முதல் அடி விழுந்தபோது அம்மாவிடம், "அப்பா கட்டின சுவர், உனக்குக் கஷ்டமா இருக்காம்மா?" என்றேன்.

"அவுக இருந்தா உன்னைத்தாம்ல மொதல்ல இடிச்சிருப்பாக," என்றாள்.

ஒன்பது இஞ்ச் சுவர் என்று நான் பீற்றிக்கொண்டது பொய்யில்லை. அது விழுவதற்குள் ஆட்கள் இருவரும் என் பரம்பரையையே மராத்தியில் விசாரித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சுவரும் கூரையும் போய், குப்பையும் அள்ளியாயிற்று. "தரையையும் உடைக்கணுமா?" என்று கேட்டார் ஒருவர்.

"இருங்க, நோட்டீஸைப் பார்த்துட்டு வரேன்," என்று உள்ளே ஓடினேன். (ஆமாம். அப்போதும்.)

நோட்டீஸோடு திரும்பி வந்தால், அம்மா வெளியே நிற்கிறாள். ஹால் கதவைத் தாண்டி, ஒரு படிகூட இறங்காமல், வாக்கரைத் தள்ளிக்கொண்டு அந்தத் தரையின் நடுவுக்கு வந்துவிட்டாள். வீட்டின் அதே மட்டம். மேலே வானம், எதிரே தெரு. நான் இடப்பக்கம் கட்ட நினைத்தது வலப்பக்கம் எப்போதோ தயாராக இருந்திருக்கிறது. அதன் மேல் ஒரு ரூம் மட்டும் அதிகப்படி.

மாதக்கணக்குக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் வெயில் பட்டது. பவானி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தாள். அம்மா உட்காரவில்லை. எதிர்வீட்டைப் பார்த்துத் தெருவே கேட்கக் கூப்பிட்டாள்.

"ஷிண்டே காக்கு! இதர் ஆவோ! மேரா லட்கா பாகல் ஹை! ஹம்கோ பி மாலும் ஹை!"

என் பையன் ஒரு பைத்தியக்காரன், எனக்கும் தெரியும் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டாள். அத்தோடு ஹிந்தி தீர்ந்துபோனது. மிச்சத்தைத் திருநெல்வேலித் தமிழிலேயே தொடர்ந்தாள். கூறு கெட்டவன், விளங்காதவன், விரலை ஒடிச்சு அடுப்பில் வைக்கணும். தெருவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

காக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். ஆனால் தோள் குலுங்கியது. சற்று நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டார். "என் ஷெட்டும் அடுத்த வாரம் போகுது. இனிமே என் நாற்காலியெல்லாம் இங்கதான் இருக்கும்," என்றார் அம்மாவிடம். என்னிடம் பேச அவருக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

எஞ்சினீயர் சரிபார்க்க வந்தபோது தரையைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று. சபை கூடிப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தது. அவர் சுற்றிப் பார்த்தார். "சுவர் இல்ல, கூரை இல்ல. நோட்டீஸ்ல சொன்னது முடிஞ்சது," என்று ஃபைலை மூடினார்.

எனக்கு நாக்கு அரித்தது. "ஸாஹேப், அப்ப இந்தத் தரைக்கு..."

"ஏல, உள்ள போ!" என்றாள் அம்மா. "சுப்!" என்றாள் பவானி. "கப் பஸ்!" என்றார் காக்கு. மூன்று மொழியிலும் அர்த்தம் ஒன்றுதான்: வாயை மூடு.

எஞ்சினீயர் வானத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலை," என்றார். "அன்னைக்கு ஒரு வடை வெச்சிருந்தீங்களே, இன்னிக்கும் இருக்கா?"

போபோடியில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், 'வீட்டை இடிச்சு டெக் கட்டின எங்க வீட்டுக்காரர்' என்றுதான் பவானி என்னை அறிமுகப்படுத்துகிறாள். தெருவில் அதைவிடக் கண்டிப்பான ஏற்பாடு: கையில் பையோ ஃபைலோ வைத்துக்கொண்டு யார் வந்தாலும் என்னை உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

போன வாரம் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். டெக்கில் சபை நிறைந்திருந்தது. நான் எல்லோருக்கும் டீ போட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு ஹால் கதவு வரை வந்துவிட்டேன். வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

"கோயி நஹி," என்றாள் அம்மா, யாருமே இல்லை என்று, கண்ணை இமைக்காமல்.

"ஊருக்குப் போயிருக்கான்," என்று மராத்தியில் சேர்த்துக்கொண்டார் காக்கு. "வர நாளாகும்."

அவர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு தெருமுனை தாண்டும் வரை தட்டோடு கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றேன். டீ ஆறிப்போனது. மறுபடி சுடவைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.