மாத்திரையை நிறுத்திவைக்கும் மகான்

மாத்திரை எழுதித் தருபவர்களை உங்களுக்குத் தெரியும். அதை விழுங்குபவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அடுத்தவர் மாத்திரையை நிறுத்துபவர்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம், அடுத்தவர் உடம்பு ஒன்று கிடைத்தால் போதும். உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? நன்றாகத் தேடிப் பாருங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர் பெயர் அங்கப்பன். காபி எஸ்டேட்டில் ஆட்கணக்கு எழுதி வேலை வாங்கும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஆட்களை அதட்டிய வாய் சும்மா இருக்குமா? மகன் வாங்கி அனுப்பிய பிரஷர் மிஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். டீ ஆறுவதற்குள் இரண்டு பேர், கொட்டச்சேடு பஸ் வருவதற்குள் மூன்று பேர் என்று கையைப் பிடித்து, பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கி, வந்த எண் பிடிக்காவிட்டால் மறுபடி அமுக்கி, அதுவும் பிடிக்காவிட்டால் கையை மாற்றி அமுக்கி, ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ மனசுக்கு ஒத்த எண் வந்ததும் 'நார்மல்' என்று அறிவிப்பார். அதற்கு முன் வந்ததெல்லாம் மிஷின் கோளாறு.

ஸ்வெட்டர் கடை அஃப்சானாவுக்கும் அப்படித்தான் நார்மல் வந்தது.

அஃப்சானாவுக்கு நாற்பத்தொரு வயது. பதினோரு வயதில் வந்த சர்க்கரை, டைப் ஒன். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. முப்பது வருடமாகத் தட்டில் இருக்கும் இட்லியைப் பார்த்து ஊசியின் அளவைத் தானே முடிவு செய்கிறவள். அந்த விஷயத்தில் அவளை எந்தக் கொம்பனாலும் ஏமாற்ற முடியாது. போன வருடம் பிரஷரும் ஏறி, சிறுநீரில் புரதமும் கசிய ஆரம்பித்ததால், சேலத்தில் டாக்டர் சுகுணா ஒரு சின்ன மாத்திரை எழுதி, ஒரு நாளும் விடக்கூடாது என்றார். நாலு மாதம் போட்டாள். அப்போதுதான் மகான் கடையேறி வந்தார்.

"ஏங்கண்ணு, நார்மல்தான காட்டுது, அப்பறம் எதுக்கு மாத்திரை? நொம்ப நாள் போட்டா கிட்னியத் தின்னுபோடும்."

கிட்னி என்ற வார்த்தையில் அஃப்சானா விழுந்துவிட்டாள். சேலத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் அறை வாசலில் தன் வயதுப் பெண்கள் காத்திருப்பதைப் பார்த்தவள் அவள். அவளுடைய பெரிய பயமே அந்த வாசல்தான். மாத்திரையை நிறுத்தினாள். தலை வலிக்கவில்லை, மயக்கம் வரவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. போதாதா? அஃப்சானாவின் மாத்திரையை நிறுத்தியதே தான்தான் என்று அங்கப்பன் கரடியூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆறு மாதம் கழித்துச் சேலத்துக்குப் போனாள். பிரஷர் நூற்று அறுபத்தெட்டு. புரதம் முன்னைவிட நாலு மடங்கு. நார்மல் வந்துவிட்டது, இன்னும் போட்டால் கிட்னி கெட்டுவிடும் என்றுதான் நிறுத்தினேன் என்று அவள் சொன்னதும், டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பிரஷருக்கு மட்டுமில்லைங்க, உங்க கிட்னிக்குக் காவலா இருக்கட்டும்னுதான் அந்த மாத்திரையே எழுதுனேன். நார்மல் வந்ததும் அதைப் போட்டதாலதான். நீங்க காவலை வெளிய அனுப்பிட்டீங்க."

இன்றே திரும்ப ஆரம்பித்தால் கசிவைக் குறைக்கப் பார்க்கலாம், ஆனால் போனதெல்லாம் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். மலையேறும் பஸ்ஸில் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அஃப்சானாவுக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. முப்பது வருடம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிய உடம்பை ஒரு துணிப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரப்பட்டாள்.

மறுநாள் காலை மகான் வழக்கம்போல வந்தார். ரிப்போர்ட்டைக் காட்டினாள். ஆள் வாடினாரா, வருந்தினாரா? இந்த இனத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சேலத்து லேபை நம்ப முடியாது என்றார். பிறகு பையைத் திறந்து பட்டையை எடுத்தார்.

அஃப்சானா கையை நீட்டவில்லை. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி, அவர் பார்க்கவே தண்ணீரோடு விழுங்கினாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போட்டுப் போங்க. என் கிட்னி போச்சுன்னா, உங்குளுதுல ஒண்ணு தருவீங்களா?"

முப்பது வருடம் அதட்டியவர் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். மாரமங்கலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மாரமங்கலத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. அங்கேயும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பிரிட்ஜ் மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டீர்களே. அவள் இன்னும் அதைப் போடுகிறாளா என்று விசாரித்தீர்களா?